பரங்கிக்காய்க்கு மாட்டிய ஹெட்போன்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை. ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கில் மூன்று பேர் தலை போகப் பார்த்தது என்னால்தான். எதற்காக? தலைக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கட்டுமே என்று.

அப்போது எனக்கு இருபது வயது. டத்தோ கிராமட் ரோட்டுப் பட்டறை ஒன்றில் கார்களுக்கு மெத்தை தைக்கும் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் ஓடுகிற காரையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு ஊசி, நூல், திமிர் மூன்றும் மிஞ்சின. (மூன்றாவது இன்னும் தீரவில்லை என்பாள் என் மனைவி.) சாப்பாடு, படுக்கை எல்லாம் சரசு அக்கா வீட்டில். அத்தான் துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி.

அந்த வீட்டு அரிசிப் பெட்டிக்குள் ஒரு ரேடியோ இருந்தது. அரிசியே இல்லாத காலத்தில் அரிசிப் பெட்டியை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அக்காவின் கணக்கு. வெளிதேசத்துச் செய்தி கேட்டு மாட்டினால் ஆள் திரும்பி வருவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ஞாயிறு மத்தியானம் ஆனால் அக்கா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கை உலக்கையால் இடிப்பாள். உள்ளறையில் அத்தானும், அவருடைய ஆபீஸ் சிநேகிதர் வேலாயுதமும், நானும் முறை வைத்துச் செய்தி கேட்போம். உலக்கை நின்றால் ஆபத்து என்று அர்த்தம்.

சத்தம் வெளியே போகக் கூடாது என்பதால் ஹெட்போன். அதுவோ எப்போதோ ஒரு கப்பல்காரன் விட்டுப்போனது. இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் கறுப்புக் கட்டைக் கிண்ணம். மாட்டினால் நண்டு கவ்விய மாதிரி இருக்கும். ஐந்து நிமிடத்தில் காது சிவக்கும், பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். பட்டையின் இடுக்கில் சிக்கி அத்தானுக்கு உச்சியில் பாதி முடி போய்விட்டது. (மீதி தானாகப் போனது. அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன்.) வலி தாங்காமல் அவர் கழற்றிக் கழற்றி மாட்டுவார். முக்கியமான செய்தி சரியாக அந்த நேரத்தில்தான் வரும்.

“ஏதோ ஊரைப் பிடிச்சிட்டாங்களாம்,” என்பார்.

“எந்த ஊரை? யார் பிடிச்சா?” என்று வேலாயுதம் துடிப்பார்.

“அதுக்குள்ள காது வலிச்சிருச்சுய்யா!”

மெத்தைக்காரனுக்கு இதைவிட அழைப்பு வேண்டுமா? வேலையில் இறங்கினேன். முதலில் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அத்தான் தூங்கும்போது அவர் தலையை அளவு நாடாவால் அளந்தேன். அந்த நாடாவோடு பசார் முழுக்க அலைந்து, அதே சுற்றளவில் ஒரு பரங்கிக்காய் வாங்கினேன். காய்க்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பரங்கிக்காய்க்கு ஹெட்போனை மாட்டிக் கட்டிலடியில் ஒரு வாரம் வைத்தேன்.

பெருக்க வந்த அக்கா பார்த்துவிட்டாள். “ஊரே பசியில கெடக்கு, நீ பரங்கிக்காய்க்கு ரேடியோ போட்டுக் காட்டுறியாடா?”

அடுத்தது மெத்தை. கிண்ணம் காதின் மேல் அழுத்தாமல் காதைச் சுற்றி உட்கார வேண்டும் என்பது என் மகா கண்டுபிடிப்பு. என் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சு எடுத்தேன். பட்டறையில் மிஞ்சியிருந்த வெள்ளை வெல்வெட்டில் வடை மாதிரி இரண்டு வளையம் தைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அழகும் வேண்டியிருந்தது. வயலின் பெட்டிக்குள் இருக்குமே, அந்த நீலம்!

பின்வீட்டுச் சீனத்து அம்மாள் ஆ சிம்மிடம் சாயப்பொடி கேட்டேன். “உப்புப் போட்டு வேகவை லா, இல்லாட்டிச் சாயம் நிக்காது,” என்று சொல்லித்தான் கொடுத்தாள். குழம்புக்கே உப்பு இல்லாத காலம். துணிக்கு எதற்கு உப்பு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வந்தது. அத்தான் மாட்டினார். முகத்தில் ஒரு திகைப்பு. கழற்றவே இல்லை. இருபது நிமிடம் கழித்து வேலாயுதம் பிடுங்கிக்கொண்டார். அவரும் அப்படியே சிலையானார். கடைசியில் என் முறை.

அதை எப்படிச் சொல்வது? உலக்கைச் சத்தம் அப்படியே அறுந்துபோயிற்று. தெரு இல்லை, வெயில் இல்லை, சண்டையே இல்லை. எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு மனிதர் தமிழில் பேசினார், என் மண்டைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. தாளைப் புரட்டுவது கேட்டது. அந்தத் தாளை என் கையால் தொட்டுவிடலாம் போல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. வியர்வையும் வந்தது, தகரக் கூரை இல்லையா?

அக்கா ஒரு பக்கக் கிண்ணத்தைத் தூக்கினாள். “அறிவு கெட்டவனே, உங்க அத்தான் மூஞ்சியப் போய்ப் பாரு.”

ஒரு காதில் ஹெட்போனோடே எட்டிப் பார்த்தேன். அடுக்களை முற்றத்தில் இரண்டு பேரும் தேங்காய் நாரும் சாம்பலுமாக முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு காதையும் சுற்றி, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி நீல வட்டம். ஹெட்போன் மாட்டியவன் என்று முத்திரை குத்தியதுபோல! தேய்க்கத் தேய்க்கக் கன்னம் வீங்கியதே தவிர நீலம் போகவில்லை. பின்சுவருக்கு மேலே ஆ சிம்மின் தலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. “ஐயோ, பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைங்களுக்கு நாங்க பூசுற மாதிரியே இருக்கு!”

அப்போது வாசலில் லாரி நின்றது. வீட்டுக்கு வீடு ஆள் கணக்கெடுக்க ஜப்பான் அதிகாரி வந்திருந்தான், கூடவே தமிழ் தெரிந்த துபாஷி.

அத்தான் உட்கார்ந்துவிட்டார். வேலாயுதம் முருகனைக் கூப்பிட்டார். அக்கா ஒரே ஒரு மூச்சு விட்டாள். “ஆ சிம், உள்ள வா. பூசு.”

மிச்சச் சாயத்தை வட்டம் தெரியாமல் கன்னம் முழுக்க அப்பினார்கள். சீனர்கள் அந்த வீக்கத்துக்கு நீலம் பூசி, மேலே புலி என்று அவர்கள் எழுத்தில் எழுதுவார்கள். நோயைப் புலி தின்றுவிடுமாம். ஆ சிம் இரண்டு பேர் கன்னத்திலும் புலியை எழுதினாள். எனக்குப் பூசச் சாயம் மிச்சமில்லை, ஹெட்போனைக் கழற்றினால் என் வட்டம் தெரிந்துவிடும். அக்கா ஒயரைப் பிடுங்கி என் சட்டைக்குள் திணித்து, தாடையிலிருந்து உச்சிவரை துண்டால் வரிந்து கட்டினாள். மூவரில் எனக்குத்தான் வீக்கம் பயங்கரம்!

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் மெத்தை அவ்வளவு கச்சிதம். அதிகாரிக்கு வணக்கமாக எல்லாரும் குனிந்தார்கள், நானும் இடுப்புவரை குனிந்தேன். ஹெட்போன் ஒரு நூல்கூட நகரவில்லை. (சாகப்போகிற நேரத்திலும் எனக்கு அதில் பெருமை!) அதிகாரி என்ன உத்தரவு போட்டானோ, மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். நான் குனிந்தபடியே நின்றேன். இரண்டு பூட்ஸ் என் கால் விரலுக்கு அருகே வந்து நின்றது தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பிறகு பூட்ஸ் ஓரடி பின்னால் போயிற்று. இன்னும் ஓரடி.

நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். “காது அடைச்சிருச்சுங்க, ஒன்னும் கேக்காது,” என்று அவள் அழுதாளாம். ஜப்பான்காரனும் சீன எழுத்தை எழுதுகிறவன்தானே, அத்தான் கன்னத்து எழுத்து அந்த அதிகாரிக்கும் படிக்கத் தெரிந்ததாம். ‘புலி’ என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, இது வயது வந்த ஆண்களையும் பிடிக்குமா என்று கேட்டானாம். பிடித்தால் பிள்ளை பிறக்காது என்று துபாஷி சொன்னதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டானாம். போகும்போது, “பாவம், இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று துபாஷி கேட்டானாம்.

பத்து நாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேலாயுதமும் எங்களோடு மாட்டிக்கொண்டார். ஜப்பான்காரனே காவல் போட்ட வீட்டில் பத்து நாள் நிம்மதியாகச் செய்தி கேட்டோம். மெத்தையை அக்கா உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்தாள், அந்த மாதத்து உப்பு முழுவதையும். பரங்கிக்காயும் ஒருவழியாகக் குழம்புக்குப் போயிற்று. அக்காவின் முகத்தை நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மூச்சு விடும் நேரத்தில் மூன்று உயிரைத் தூக்கி வெளியே வைத்தவள், ஒன்றுமே நடக்காததுபோலக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் நட்டம். என் வீக்கத்தின் புகழ் கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் பிறை ஊர்வரை பரவி, சண்டை முடிந்தும் ஆறு வருடம் யாரும் பெண் கொடுக்கவில்லை. பிறகு ஐந்து பிள்ளைகள் பெற்று அந்தப் பழியைத் துடைத்தேன். வீட்டில் இன்றுவரை என் பெயர் நீலப்புலி.

போன மாதம் என் கடைசி மகள், பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை செய்பவள், ஒரு புது ஹெட்போன் கொண்டுவந்தாள். மாட்டினேன். காதைச் சுற்றி வளையமாக மெத்தை! என் வடை! ஃபெரி ஏறி, பாகான் டாலாமில் இருக்கும் அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, பாத்தியா? நான் அப்பவே செஞ்சத இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கானுங்க! எவ்வளவு மெத்துனு இருக்கு, நீயும் மாட்டிப் பாரேன்!”

அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

“உப்புப் போட்டாங்களான்னு கேளு.”