கோணக்குடையாரின் வலது கால்

“பேசுற கோணக்குடையார எங்களுக்குத் தெரியாதே தம்பி,” என்றார் கைரியா டீச்சர்.

மத்தியஸ்த சபையின் தலைவி அவர். எதிரே உட்கார்ந்திருந்தவர் பொன்னையா. ஒட்டுமீசை, கோட்டு, கோணல் குடை, காலை இழுக்கும் நடை என்று, ஆறு வருடமாக ஒரு வார்த்தையும் பேசாமல் கைபேசியில் சிரிப்புப் படம் எடுத்துப் போட்டு, கண்டி முழுக்கக் ‘கோணக்குடையார்’ என்று பெயர் வாங்கியவர். ஒட்டுமீசை இல்லாமல் வந்து வாயைத் திறந்ததுதான் பிழையாகிவிட்டது.

“நான்தாங்க டீச்சர் அது.”

“இவரும் அதத்தானே சொல்றார்.”

இவர் என்பது பக்கத்துக் கதிரையில் இருந்த நாவலப்பிட்டி கணேஸ். அதே கோட்டு, அதே கோணல் குடை.

வினை பிலிமத்தலாவையில் தொடங்கியது. பாத்திரக்கடை சாஹுல் ஹமீது முதலாளி ஒரு வருட விளம்பரத்துக்கு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போடப் போன பொன்னையாவிடம், “நேத்தும் ஒரு கோணக்குடையார் வந்து போனாரே. நீங்க எத்தனையாவது ஆள்?” என்று கேட்டார்.

பொன்னையா தன் குடையில் இரண்டு கம்பியை உடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கணேஸின் குடையில் மூன்று கம்பி உடைந்திருந்தது. கோட்டின் முதுகில் ‘அசல்’ என்று தைத்தார். கணேஸின் முதுகில் ‘அசலோ அசல்’ வந்தது. போலிகளை நம்பாதீர்கள் என்பதைப் பேசாமலே நடித்து ஒரு படம் போட்டார். கணேஸ் அதையும் நடித்துப் போட்டார். அதற்குத்தான் கூடுதல் பேர் சிரித்தார்கள்.

“சபையில ஒரு கடதாசி வாங்கிட்டு வாங்க. அசல் யாருன்னு அதுல இருக்கோ, அவருக்குத்தான் ஒப்பந்தம்,” என்றுவிட்டார் முதலாளி.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமைக் காலை. சபை கூடும் இடமோ, பொன்னையா ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்து மண்டபம்.

“சரி, ரெண்டு பேரும் நடந்து காட்டுங்க,” என்றார் டீச்சர்.

நடந்து வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“காலப் பாருங்க டீச்சர்,” பொன்னையா எழுந்துவிட்டார். “நான் இழுக்கிறது வலது கால். அவரு இழுக்கிறது இடது.”

“அதுக்கு?”

“படத்துல நான் பார்க்கிறவங்கள நோக்கி நேரா நடந்து வருவேன். எதிர நின்னு பார்த்துப் பழகுறவங்களுக்குக் கால் மாறிடும், கண்ணாடியில பார்க்கிற மாதிரி. என்னப் பார்த்துப் பழகினதுக்கு அந்த இடது கால்தாங்க சாட்சி.”

கணேஸ் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “உண்மைதான் டீச்சர். கைபேசிய சுவத்துல சாத்தி வச்சு, எதிர நின்னுதான் பழகினேன்.”

டீச்சர் பேனாவை எடுத்தார். “பொன்னையா தம்பி, உங்களுக்கு இந்த நடை எப்படி வந்துச்சு?”

“தானா வந்ததுங்க. யாரயும் பார்த்துப் பழகல.”

“அப்படியே எழுதவா?”

“எழுதுங்க.”

ஒப்பந்தமே சட்டைப் பைக்குள் வந்துவிட்டது போலிருந்தது பொன்னையாவுக்கு.

அப்போது தேநீர் வந்தது. பென்சன் வாங்கிய பிறகும் சனிக்கிழமைகளில் மண்டபத்தைத் திறந்துவிட வருகிற பழைய பியூன் ராஜலிங்கம், கோப்பைத் தட்டோடு வாசலில் இருந்து மேசையை நோக்கி நேராக நடந்து வந்தார். ஒவ்வோர் அடிக்கும் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

டீச்சரின் பேனா நின்றுவிட்டது.

பொன்னையாவுக்கு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த முன்வாங்கு ஞாபகம் வந்தது. வரவுப் புத்தகம் எடுக்க இவர் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து போய், எதிரே அதே மாதிரி நடந்து, முழு வகுப்பையும் சிரிக்க வைத்தது ஞாபகம் வந்தது. மனிதர் ஒரு நாளும் திட்டியதில்லை. பெரிய வாத்தியாரிடம் சொன்னதுமில்லை.

ராஜலிங்கம் முதல் கோப்பையைப் பொன்னையாவின் முன்னால் வைத்தார்.

“அன்னைக்கு மாதிரியே நல்லா நடக்கிறீங்க தம்பி,” என்றார். “ஆனா எனக்கு இழுக்கிறது இடது கால்.”