வடதுருவத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

ஊர்காவற்றுறை
14.05.2025

பாசமுள்ள தங்கச்சி அன்ரனிட்டாவுக்கு,

அண்ணன் பஸ்ரியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. சூசையப்பரின் தயவால் நானும் உன் மச்சாளும் இரண்டு ஆடுகளும் சுகம். அவ்வண்ணமே நோர்வேயில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். நிற்க.

சுகம் எண்டு எழுதினது முறைக்கு. உண்மையிலை நாலு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை. உன்னோடை நிண்டு படிக்கிற என்ரை மகன் மிரோஜன் போன மாதம் போன் எடுத்து, "அப்பா, ஒரு வேலைக்குக் கடல் அனுபவக் கடிதம் வேணும்" எண்டவன். மீன் கொம்பனியாக்கும் எண்டு நானும் நினைச்சன். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எண்டா, கேக்கிறவைக்குக் கடிதம் குடுக்கிறதுதானே வேலை. எங்கட ஒழுங்கையிலை நாலு வீடு தள்ளி இருக்கிற ஆழ்வாப்பிள்ளைக்கு நீந்தவே தெரியாது, அவருக்கே "சிறந்த சுழியோடி" எண்டு குடுத்தனான். பெத்த பிள்ளைக்குக் குறைச்சு எழுத மனம் வருமே? "அஞ்சு வருசம் ஆழ்கடல் அனுபவம், புயலுக்கும் அசையான்" எண்டு எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பிப்போட்டன்.

இப்ப கேட்டா, அது பாய்க்கப்பலாம். ஆறு வெள்ளைக்காரரோடை வடதுருவப் பக்கம் பனிக்கட்டிக்குள்ளை முப்பது நாள் ஓடப்போறானாம். மீன் பிடிக்கவுமில்லையாம், சும்மா பாக்கவாம். இவனை நீ அறிவாய்தானே, காரைநகருக்குப் படகிலை போற பத்து நிமிசத்துக்குள்ளையே குடல் வெளியிலை வாற மாதிரிச் சத்தி எடுக்கிறவன். நயினாதீவு படகிலை ஏறினா இறங்குமட்டும் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லுறவன். எங்கட கடல் எண்டாலும் பரவாயில்லை, வள்ளம் தரை தட்டினா இடுப்பளவு தண்ணியிலை இறங்கித் தள்ளலாம். அங்கை ஆழம் மூவாயிரம் மீட்டராம், எங்கை இறங்குறது? அவன் கடலுக்குப் போகக்கூடாது எண்டுதானே நான் கடலுக்குப் போய் உழைச்சு அவனை அங்கை அனுப்பினனான். உன்ரை மச்சாள் என்னோடை கதைக்கிறேல்லை. சோத்துக் கோப்பையை வைச்சிட்டு, "தலைவர் சாப்பிடலாம்" எண்டு ஆட்டைப் பாத்துச் சொல்லுறா.

ஆனபடியால், தங்கச்சி, நீ அந்தக் கப்டனிட்டைப் போ. "அண்ணன் எழுதினது முழுப்பொய், பெடியனுக்கு ஒரு முடிச்சுக்கூடப் போடத் தெரியாது" எண்டு சொல்லு. என்ரை மானம் போனாப் போகட்டும். எனக்கிருக்கிறது ஒரேயொரு பிள்ளை. நீ எப்பவும் போனை ஸ்பீக்கரிலை போட்டுத்தான் கதைக்கிறனி, அவன் கேட்டா மனம் உடைஞ்சு போவான். அதாலைதான் நாளைக்கு அங்கை வாற புளியங்கூடல் கணநாதனிட்டை இதைக் குடுத்துவிடுறன்.

மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
கலங்கிப்போயிருக்கும் அண்ணன்,
பஸ்ரியாம்பிள்ளை
தலைவர், கடற்றொழிலாளர் சங்கம்
(இது உண்மை எண்டபடியால் முத்திரை குத்தேல்லை.)

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல் மிரோஜன் போன் எடுத்தவன். கப்டன் அவனை வேண்டாம் எண்டிட்டாராம். "உந்தக் கடிதத்தை நம்ப ஏலாது" எண்டவராம். பிள்ளை அழுகிறான். எங்கட சங்கத்து முத்திரையை நம்ப ஏலாதெண்டு சொல்ல அந்தாள் ஆர்? கணநாதனிட்டைப் புதுக் கடிதம் ஒண்டும் வருது. பத்து வருசம் எண்டு போட்டு, ரெண்டு முத்திரை குத்தியிருக்கிறன். நேரை கொண்டுபோய் அந்தாளின்ரை கையிலை குடு. மேலை எழுதினதைக் கிழிச்சுப்போடு. பிள்ளைக்கு முப்பது நாளுக்கும் போதுமானதாச் சத்தியை நிப்பாட்டுற குளிசை மருந்து வாங்கிக் குடு.