மலேரியா ஒழிப்பு விழாவும் மூடாத குழிகளும்

குடிமக்களைவிடக் கொசுக்கள் கூடுதலாக இருந்த ஒரு காட்டில், மலேரியாவை ஒழித்தே தீர்வது என்று முடிவு செய்தார்கள். எதை முடிவு செய்தாலும் அதற்கொரு விழா எடுப்பது அந்தக் காட்டு வழக்கம். ஆகவே ஆண்டுதோறும் ஒழிப்பு விழா நடந்தது. பந்தல்கால் நட ஊரெல்லாம் குழி தோண்டுவார்கள். விழா முடிந்ததும் காலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழியை மூட யாருக்கும் நேரமில்லை. பாவம், பேசவே நேரம் போதவில்லை. மழை பெய்யும், குழி நிறையும், கொசுக்கள் அதில் முட்டையிட்டுக் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும்.

பவளக்கொடி என்ற முள்ளம்பன்றியின் ஒரே குட்டி, காய்ச்சலில் துவண்டு எலும்பும் தோலுமாகிவிட்டது. அவள் ஒழிப்பு அதிகாரியான கரடியிடம் ஓடினாள்.

"ஐயா, மாத்திரை குடுத்துத் தேத்துனா அடுத்த மழைக்குத் திரும்ப வந்துடுது. அந்தக் குழிங்கள மூடச் சொல்லுங்க."

"ஏம்மா, அடுத்த வருஷமும் விழா இருக்குல்ல? மூடிட்டு மறுபடி தோண்டச் சொல்றியா?"

"இன்னொரு காய்ச்சல என் புள்ள தாங்காதுங்க."

"அதுக்குத்தானேம்மா விழாவே எடுக்கறோம்!"

பவளக்கொடி வீடு திரும்பினாள். தன் வளையைச் சுற்றியிருந்த குழிகளை எல்லாம் தானே மண் தள்ளி மூடினாள். அரசாங்கக் குழியில் கை வைக்கிறாளே என்று அக்கம்பக்கம் சிரித்தது. அந்த மழைக்காலத்தில் குட்டிக்குக் காய்ச்சல் வரவில்லை. முதன்முறையாக அது வாசலில் ஓடியாடி விளையாடியது. பார்த்த எனக்கே மனசு நிறைந்துவிட்டது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் பெற்ற மனசு சும்மா இருக்குமா? பவளக்கொடி பூரித்துப்போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சேதி கரடியின் காதுக்கும் போனது.

"காய்ச்சலே இல்லாத வீடா! உடனே பாராட்டு விழா! அவங்க வாசல்லயே பந்தல் போடுங்க!"

"ஐயா, பந்தல் மட்டும் வேணாங்க..."

"என்னா அடக்கம் பாருங்கய்யா!" கரடிக்குக் கண் கலங்கியது.

பெரிய பந்தலாகப் போட்டார்கள். பவளக்கொடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முள் குத்தியதையும் கரடி பொருட்படுத்தவில்லை. பிறகு பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் குழிகளை மூடுவதற்குள் அன்று மாலையே நல்ல மழை, எல்லாம் நிறைந்துவிட்டன.

அடுத்த மாதம் குட்டி தாயின் மடியில் வந்து சுருண்டது. "அம்மா, குளிருதும்மா."

வீட்டில் வேறு துணியில்லை. பவளக்கொடி அந்தப் பொன்னாடையை எடுத்துக் குட்டிக்குப் போர்த்திவிட்டாள்.

நீதி: காய்ச்சல் விட்டால் வெளியே சொல்லாதே, பாராட்ட வந்துவிடுவார்கள்.