கொஞ்சம் மோசமா வாசிங்க, மாமா

“பயப்படாமச் சொல்லு. யாரு பெரிய ஆளு? நானா, ஜஸ்டினா?”

அப்பா சேவுகன் இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டபோது இனியாவுக்கு ஆறு வயது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு திருவிழாவில், மேடைக்குப் பின்னால், கும்மிருட்டில் வைத்துக் கேட்டார்.

இருட்டுக்குக் காரணம் இருந்தது. அம்மாவின் தம்பி பெரியண்ணன் குவைத்திலிருந்து ஒரு மெமரி கார்டு அனுப்பியிருந்தார். அது நிறைய வெள்ளைக்காரர்களின் புராகிரசிவ் ராக். ஒரு பாட்டு ஆரம்பித்தால் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். பாட்டு அப்போதும் முடிந்திருக்காது. பாடுகிறவர் நாலு வரி பாடிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். மிச்சமெல்லாம் கீபோர்டுதான். அந்த வீடியோக்களில் ஒருவர் வாசித்துக்கொண்டே கட்டைகளுக்கு நடுவில் கத்தியைச் செருகினார். இன்னொருவர் தரையில் புரளுகிற பளபளா அங்கியோடு, சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கிவைத்து நடுவில் நின்றார்.

சேவுகன் கத்திக்காரர் கட்சி. ஜஸ்டின் அங்கிக்காரர் கட்சி. இரண்டு பேரும் ஒரே குழுவில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள்.

“கத்திக்காரரு கை வேகம் ஒங்காளுக்கு வருமா?”

“வேகமா வாசிக்கத்தான் தையல் மிசின் இருக்கேடா. எங்காளு ஒரு கட்டைய அமுக்கினா கோயிலே எந்திரிச்சு நிக்கும்.”

அந்தத் திருவிழாவில் அம்மன் பாட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு இதை வாசித்தார்கள். நோட்டீசில் ‘முற்போக்கு ராக்’ என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கட்சித் தோழர்கள் சிலர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் முதல் ஆளாக எழுந்தும் போனார்கள். சேவுகன் வீட்டுக் கறிக்கத்தியைச் செருகினார். ஜஸ்டின் தன் பொண்டாட்டியின் முகூர்த்தப் பட்டுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுழன்றார். பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, ஜெனரேட்டர்காரர் பொறுக்க முடியாமல் நிறுத்திவிட்டார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டல் யாருக்கு என்பதில்தான் இரண்டு பேரும் பிரிந்தார்கள்.

“சொல்லுத்தா, யாரு பெரிய ஆளு?”

“ஜெனரேட்டர் மாமா” என்றாள் இனியா.

அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. இனியாவும் அதற்கப்புறம், யார் எதைக் கேட்டாலும், சட்டென்று வாயைத் திறப்பதில்லை.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. போன வருஷம் அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டதும் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். “இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல. மாத்திரைய ஒரு வேளகூட விடக் கூடாது” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த மாத்திரைகள் அப்பாவின் கீபோர்டுக்கு அடியில், பேட்டரி போடுகிற குழிக்குள் கிடந்தன. தூசி தட்டப்போன அம்மா செவந்திதான் கண்டுபிடித்தாள்.

“என்னங்க இது?”

“பேட்டரி வாங்கிப் போட ஒங்களுக்குத் துப்பில்ல. அதான்.”

“ஏங்க, நீங்க செத்தா நாங்க என்னங்க பண்ணுவோம்?”

“ஜஸ்டினக் கூப்புட்டு வாசிக்கச் சொல்லு. அவன்தான் சக்கரவர்த்தியாச்சே.”

விஷயம் இதுதான். யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் வைத்திருந்தார்கள். மீமிசலில், சர்ச்சில், ஜஸ்டினுக்குப் பாராட்டு விழா. சால்வை, ஆளுயர மாலை. பின்னால் பேனரில் ‘மாவட்டத்தின் ஒரே கீபோர்டு சக்கரவர்த்தி’.

“ஒரேன்னு போட்டுருக்கான் பாரு. அப்ப நான் யாரு? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“மாத்திரைய முழுங்கலன்னா அதுவும் நடக்கும்” என்றாள் செவந்தி.

இனியா அப்பாவைச் சமாதானப்படுத்த நினைத்தாள். மறுநாள் மாத்திரையை நீட்டும்போது, “மெடிக்கல்ல பேசிக்கிட்டாங்கப்பா, நீங்கதான் பெரிய ஆளுன்னு” என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி மாசக்கணக்காகியிருந்தது.

சேவுகனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு, “போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு” என்றார்.

மெடிக்கல்காரர் எடுத்தார். “எந்தச் சேவுகன்? பேண்டு செட்டுல டிரம்பட் ஊதுவாரே, அவரா? அவரு நல்லா இருக்காரா?”

அன்றைக்குச் சாயங்காலம் பிரஷர் மேலே போனது.

செவந்தி குவைத்துக்குப் போன் போட்டாள். “மச்சான்கிட்ட ரெண்டு வார்த்த பெருமையாப் பேசுடா தம்பி.” பெரியண்ணன் வீடியோவில் வந்தார். “மச்சான்! திருவிழா வீடியோல நீங்க அந்தப் பட்டுச் சேலையத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு சுத்துச் சுத்துனீங்களே, இன்னும் என் கண்ணுலயே நிக்குது!”

சேவுகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையோடு சோறும் நின்றது.

“அவன் என் முன்னாடி வந்து ஒக்காந்து வாசிச்சுத் தோக்கட்டும்” என்றார் சுவரிடம். “அதுக்கப்பறம் நீங்க வெஷத்தக் குடுத்தாக்கூட முழுங்குறேன்.”

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். இனியா செருப்பை மாட்டிக்கொண்டு மீமிசல் பஸ்ஸில் ஏறினாள்.

ஆவுடையார்கோவில் தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அதிகாரம் இல்லாமல், அழுகை இல்லாமல், அளவாக நாலு வாக்கியம். மீமிசலில் இறங்கியதும் கருவாட்டு வாசத்தில் நாலும் பறந்துவிட்டன.

ஜஸ்டின் வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார்.

“சேவுகன் மகளா? வாத்தா, வா. அப்பா எப்படி இருக்கான்? இன்னும் என்னைத் திட்டுறானா?”

அவள் தலையாட்டினாள்.

“அப்ப நல்லாத்தான் இருக்கான்.”

உள்ளே போய் அவரே டீ கொண்டுவந்தார். ஒரு டம்ளர்தான்; குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். இனியா அவர் முகத்தைப் பார்க்காமல், கூடத்தில் துணி போர்த்தியிருந்த கீபோர்டைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்பாகிட்ட வந்து தோத்துப் போங்க மாமா.”

“என்னது?”

“நீங்க தோத்தாத்தான் மாத்திர சாப்புடுவாராம். வீட்டுக்கு வந்து வாசிங்க. கொஞ்சம் மோசமா வாசிங்க, மாமா.”

தெருவில் மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“மோசமாவா?” என்றார்.

“ரொம்ப இல்ல. கொஞ்சம்.”

“ஒரு வாரம் டயம் குடு, ஆத்தா.”

திரும்பி வரும் பஸ்ஸில் இனியாவுக்கு அது ஒன்றுதான் புரியவில்லை. மோசமாக வாசிக்க எதற்கு ஒரு வாரம்? பெரிய கலைஞர்களுக்குக் கெடுத்து வாசிக்கக்கூடப் பயிற்சி வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு வாரமும் சேவுகன் சோறு தின்றார். மாத்திரையை மட்டும் “ஜெயிச்சதுக்கப்பறம்” என்று தள்ளிவைத்தார். சனிக்கிழமை காலையில் ஷேவ் பண்ணச் சொன்னார், வெளுத்த வேட்டி கட்டச் சொன்னார். கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தார்கள். இடது கை மடியில் கிடந்தது. வலது உள்ளங்கையில் மாத்திரை. ஜெயித்த நிமிஷமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று இனியாதான் கொடுத்திருந்தாள்.

மத்தியானம் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஜஸ்டின் இறங்கினார். டிரைவர் ஆத்மநாதன் கீபோர்டைத் தூக்கிவந்து, ஸ்டாண்டில் வைத்து, ஜிப்பைத் திறந்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சையும் போட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

“பாத்தியாடி” என்றார் சேவுகன் செவந்தியிடம், வந்தவருக்கு நன்றாகக் கேட்கும்படி. “ஜிப்பத் தொறக்கக்கூட ஆளு. சக்கரவர்த்தி!”

“எப்படிடா இருக்க?” என்றார் ஜஸ்டின்.

“ஒன்னவிட நல்லாத்தான் இருக்கேன். கத்திக்காரரு பாட்டு, அந்த ஓட்டம் வருமே, அதுதான் போட்டி. நான் மொதல்ல.”

மாத்திரையை மடியில் வைத்துவிட்டு, கட்டிலருகே இழுத்துப்போட்டிருந்த தன் கீபோர்டில் சேவுகன் வாசித்தார். வலது கை ஓடியது. இடது கை வாசிக்கவேண்டியதை வாயால் “டும், டும்” என்று போட்டுக்கொண்டார். எச்சில் வழிந்ததை செவந்தி முந்தானையால் துடைத்தாள், அவர் நிறுத்தவில்லை. முடித்தபோது வேர்த்திருந்தது.

“இப்ப நீ.”

ஜஸ்டின் கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். ஆரம்பித்தார். சுடுமணலில் செருப்பில்லாமல் நடக்கிறவன் கால்போல விரல்கள் கட்டைமேல் விழுந்தன. இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கியது. ஒரு இடத்தில் நின்று, திரும்ப வந்து, மறுபடி தடுக்கியது.

இனியாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது. எவ்வளவு நன்றாகத் தோற்கிறார்!

சேவுகனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்து, அப்படியே அணைந்தது.

“டேய். நடிக்கிறியா?”

“இல்லடா.”

“ஒன்ன எனக்குத் தெரியாதா? ஒழுங்கா வாசி.”

ஜஸ்டின் மறுபடி வாசித்தார். மறுபடி தடுக்கியது.

காரியம் கெடப்போகிறது என்று இனியாவுக்குப் புரிந்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்து அவர் காதோரம் கிசுகிசுத்தாள்: “மாமா, ரொம்பத் தோக்காதீங்க. கொஞ்சம் நல்லா வாசிங்க. நம்ப மாட்டேங்குறாரு.”

ஜஸ்டின் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். மூன்றாவது தடவையும் அதே இடங்களில் அதே தடுக்கல்.

“அதே எடம்! அதே தப்பு!” சேவுகன் கத்தினார். “மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்துருக்கான்டி! எனக்குக் கை போயிருச்சுன்னு பிச்ச போட வந்துருக்கான்!”

“என்னங்க, கத்தாதீங்க, பிரஷர் ஏறும்…”

“ஏறட்டும்! நல்லா வாசிக்கிறவன் வேணும்னே தப்பா வாசிச்சா அது எவ்வளவு பெரிய திமிரு தெரியுமா? என் மேல துப்பியிருந்தாக்கூட இவ்வளவு எரியாது.” அவர் பார்வை இனியாமேல் வந்து நின்றது. “நீதானே போயிக் கூப்புட்ட? நீதானே தோக்கச் சொன்ன?”

இனியா வாயைத் திறந்தாள். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

“இந்தா, எடுத்துக்கிட்டுப் போங்க!” சேவுகன் மடியிலிருந்த மாத்திரையை வீசினார். அது தரையில் ஓடி ஜஸ்டினின் காலடியில் நின்றது. “இனிமே ஒரு மாத்திர இந்தத் தொண்டையில எறங்காது. செத்தா சாகுறேன். நீயே ஒத்தையாளா சக்கரவர்த்தியா இருந்துக்க!”

ஜஸ்டின் குனிந்தார். மாத்திரையை எடுக்கப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. சிமெண்டுத் தரையில் அவர் விரல்கள் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டைத் தள்ளித் தள்ளிக்கொண்டே போயின.

“நடிப்பப் பாரு!” என்றார் சேவுகன். “மாத்திரைய எடுக்குறதுலகூட நடிப்பு!”

வாசற்படியில் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆத்மநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“அய்யா, சும்மா திட்டாதீங்க. சக்கரையில வெரலு மரத்துப்போயி, வாசிக்க முடியலன்னுதானே சர்ச்சுல மாலையப் போட்டு அனுப்பிவச்சாங்க. நான் எதுத்த வீடுதான், ஒரு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன். விடிஞ்சா ஒக்காந்துருவாரு, இதே பாட்டுதான். இன்னைக்குத்தாங்க இவ்வளவு நல்லா வந்துருக்கு.”

சேவுகனின் வலது கை மெதுவாக, இனியா இருந்த பக்கம், நீண்டது. உள்ளங்கை விரிந்திருந்தது. ஜெயித்துவிட்டார். அவள் குனிந்து தரையில் கிடந்த மாத்திரையை எடுத்துத் துடைத்து அதில் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், விழுங்கினார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது ஸ்டாண்டில் இருந்த கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜஸ்டின் மாமா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டோவையும் தாண்டித் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.