மேடம் பக்கம் நீட்டாத ரிமோட்

எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. பெண் பார்க்கப் போன அன்று பெண்ணை விட மாப்பிள்ளைதான் அதிகம் தலை குனிந்திருந்தார் என்று என் மனைவி கஸ்தூரி சொல்வாள். (பொய் இல்லை. அவர்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட் என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.) ஆனால் அந்தக் கூச்சம் ஒரு கம்ப்யூட்டரையே குழப்பும் என்று நான் நினைக்கவில்லை.

செங்கம் ரோட்டில் டிவி, ரிமோட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பக்கத்து விடுதியில் தங்கியிருந்த சென்னை மேடம் ஒருநாள் கடைக்கு வந்தார். எந்தக் கம்பெனி ரிமோட்டை அமுக்கினாலும் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமாம். அதற்காக ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒரு பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கம்பெனி ரிமோட்டும் ஒவ்வொரு விதமாகக் கண் சிமிட்டும். அத்தனை சிமிட்டலுக்கும் கம்ப்யூட்டருக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டும்.

"அண்ணா, நீங்க வந்து ஒவ்வொரு பட்டனா அமுக்கினா போதும். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வீடியோல காட்டணும். சரியா வரலைன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ரெண்டு வருஷ உழைப்புண்ணா."

புதன்கிழமை ஒரு பை நிறைய ரிமோட்டோடு அவர் விடுதி அறைக்குப் போனேன். மேசை மேல் கம்ப்யூட்டர். பக்கத்தில், சிக்னலை வாங்கும் கறுப்புக் கண், என்னைப் பார்த்தபடி. அதற்கு நேர் பின்னால் மேடம். அமுக்கினேன். பத்து தடவைக்கு ஒரு தடவைதான் சிக்னல் போனது.

"பேட்டரி போச்சாண்ணா?"

"புதுசுங்க மேடம்."

"அப்ப நான் எழுதினதுலதான் தப்பு."

அன்று முழுக்க மாற்றி எழுதினார். சிக்னல் பாதி வந்தாலும் பொறுத்திருந்து மீதியைக் கேட்கும்படி செய்தார். வியாழக்கிழமையும் அதே கதை. ஆனால் அவர் டீ வாங்க எழுந்து போனபோது எல்லா ரிமோட்டும் ஒழுங்காக வேலை செய்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். சிக்னல் மறுபடி படுத்துவிட்டது.

"நான் இருந்தா மட்டும் ஓட மாட்டேங்குது. எனக்கு ராசியே இல்லையாண்ணா?" அவர் கண் கலங்கிவிட்டது. நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். (மொசைக்.)

அந்த நேரம் பார்த்து கஸ்தூரி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலில் நின்று ஒரு நிமிஷம்தான் கவனித்தாள்.

"ஏங்க, மெஷினு அங்க இருக்குது. நீங்க ஏன் செவுத்துக்கு ரிமோட் காட்டுறீங்க?"

குனிந்து என் கையைப் பார்த்தேன். உண்மைதான். ரிமோட்டின் மூக்கு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதாவது போன சிக்னலும் சுவரில் பட்டுத் திரும்பியதுதான்.

"ஒரு பொம்பளை நெஞ்சுக்கு நேரா எப்படி நீட்டறது? மரியாதையா இருக்காதே..." என்று முனகினேன்.

மேடம் காலண்டரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு நாளுண்ணா," என்றார். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார், தோள் குலுங்க. நான் அப்படியே மொசைக்குக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ஆபீசுக்குக் காட்டும்போது அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். முப்பது ரிமோட்டும் பேசின. வேலை அவரிடமே தங்கியது. எனக்காகச் சேர்த்த அந்தப் பொறுமையையும் அவர் எடுக்கவில்லை. பேட்டரி கம்மியான ரிமோட்டுக்கு உதவுமாம்.

எனக்குத்தான் வீட்டில் விடிவில்லை. நான் ரிமோட்டை எடுத்தால் போதும், கஸ்தூரி டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணிடம் சொல்வாள்: "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, எங்க வீட்டுக்காரரு சேனல் மாத்தணுமாம்."