மெட்ராஸைப் பார்த்தபடியே வந்த மாப்பிள்ளை கார்

சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயில் வரைக்கும் ஒரு கல்யாணக் காரை ரிவர்ஸிலேயே ஓட்டிவந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அன்று காரில் இருந்தவர்கள் மாப்பிள்ளை, அவருடைய பெரியப்பா, பெண்ணின் தம்பியான நான், ஓட்டிய மெக்கானிக் 'ஆன்டெனா'. இல்லாதவர், கார் வாடகை கொடுத்த என் அப்பா. பத்துப் பேரை அடைக்கிற அம்பாசடரில் நாலு பேருக்கு மேல் இடமில்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டதால், அப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

ஆன்டெனா ஓரகடம் கூட்டு ரோட்டில் கார் ரிப்பேர் பார்ப்பார். மிச்ச நேரத்தில் மாடி மாடியாக ஏறி டிவி ஆன்டெனா கட்டுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வருஷம் 1991. மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் பக்கம் அப்போது அப்படி ஒரு விலை. கம்பெனி லைனில் அவரோடு நின்று வேலை பார்க்கும் ஒருவருடைய கல்யாணக் காரில் டேப் ரெக்கார்டர் பாடியதாம். இவருக்கு அதற்கு ஒரு படி மேலே வேண்டும். "மாப்பிள்ளை வர்ற கார்ல டிவி இருக்கணும்" என்றார் பெரியப்பா. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் என்று பேச்சுவார்த்தைக்கு என்னைத்தான் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். படித்த படிப்புக்கு, "சரிங்க" என்றேன்.

ஆன்டெனாவுக்கோ ஒரே குஷி. "நானே ரொம்ப நாளா ஆசப்பட்டுகினு கீறேன் தம்பி" என்று தன் அம்பாசடரின் டேஷ்போர்டு நடுவிலிருந்த ஸ்பீடோமீட்டரைப் பிடுங்கினார். தகரத்தைச் சதுரமாக அறுத்து, ஓரத்துக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி மெத்தை கொடுத்து, சொந்தக் காசில் வாங்கிய குட்டி கறுப்பு வெள்ளை டிவியைச் சொருகி முடுக்கினார்.

"மீட்டர் இல்லாம வேகம் எப்பிடிண்ணே தெரியும்?"

"கதவு கடகடன்னா நாப்பது. நானே கடகடன்னா அம்பது. அதுக்கு மேல முருகன் பாத்துக்குவாரு."

படம் பளிச்சென்று வந்தது. காற்றில் ஆடக்கூடாது என்று கூரை கேரியரோடு டிவி ஆன்டெனாவைச் சேர்த்து வெல்டு வைத்துவிட்டார். அப்போது கார் மெட்ராஸ் டிவி டவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அது அவருக்கும் தோன்றவில்லை, பிசிக்ஸ் படித்த எனக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை முன்சீட்டில் ஏறினார், டிவியில் தொடர் ஓடியது. கார் வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பியதும் கூரை ஆன்டெனாவும் கூடவே திரும்பிவிட, திரை முழுக்க வெறும் புள்ளி.

"படம் வராம வண்டி நகரக் கூடாது" என்றார் மாப்பிள்ளை.

"பேச்சுன்னா பேச்சா இருக்கணும்" என்றார் பெரியப்பா.

கோயிலில் அக்கா கூறைப்புடவையோடு உட்கார்ந்திருக்கிறாள். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. ஆன்டெனா காரை மறுபடி மெட்ராஸ் பக்கம் திருப்பினார். படம் வந்தது. கழுத்தைப் பின்னால் முறுக்கி ரிவர்ஸ் போட்டார்.

வழியில் அப்பா வந்த பஸ் எங்களைப் பிடித்தது. கார் மூஞ்சி தன்னைப் பார்த்து இருப்பதைக் கண்டதும் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார் என்று அப்பா நினைத்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தி இறங்கி, துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடிவந்து பானெட்டில் கைவைத்தார். "இன்னா கொறையா இருந்தாலும் சொல்லுங்க மாப்பிள்ளை, செய்யறேன்."

மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கொஞ்சம் நவுருங்க மாமா. படம் போவுது."

தாலி நேரத்துக்கு ஏறியது. பந்தி முடிந்ததும் பெரியப்பா காரருகே வந்தார். "டிவிய கழட்டிக் குடுங்க. கெளம்பணும்."

"கார்ல டிவி இருக்கணும்னுதானே கேட்டீங்க?" என்றேன்.

"ஆமா. மாப்பிள்ளைக்கின்னுதான கேட்டோம்? நாங்க இன்னா, காரையா கேட்டோம்?"

அக்கா மாலையோடு தரையைப் பார்த்து நின்றாள். அந்த வூட்டுக்குப் போகிறவள் அவள்தான். ஆன்டெனா அவளை ஒரு தரம் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார். டியூப் மெத்தையோடு சேர்த்தே கொடுத்து, "ஆடாம எடுத்துகினு போங்க" என்றார்.

மறு வாரம் பணம் புரட்டிக்கொண்டு அப்பாவும் நானும் ஆன்டெனாவின் ஷெட்டுக்குப் போனோம். அம்பாசடரின் கியர்பாக்ஸ் பிரிந்து தரையில் கிடந்தது. ஆன்டெனாவின் கழுத்து இன்னும் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"டிவிக்கு எவ்ளோ ஆச்சுப்பா?" என்றார் அப்பா.

"மாட்டுனது என் ஆசைக்கு அண்ணா, அதுக்கு இன்னா காசு? கழட்டுனதுதான் வேல. அந்தக் கூலிய மட்டும் குடு."

அப்பா கையிலிருந்ததை அப்படியே நீட்டினார். அவர் ஒரே ஒரு நோட்டை உருவிக்கொண்டு மிச்சத்தை அப்பாவின் சட்டைப் பையில் திணித்தார்.

அந்த டிவிக்காக எங்கள் குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு, இருபது ரூபாய்.