கல்லின் மேல் கட்டிய பிராது

“கல்லு எங்க?”

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லோகநாயகி கேட்டாள். மகள் ரேகாவின் பிரசவத்துக்காகக் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் நெல்லிக்குப்பம் வந்து இறங்கியிருந்தாள்.

அவள் புருஷன் தங்கராசு பேரனைக் கையில் வாங்கிக்கொண்டான். பித்தக் குழாயில் கல் என்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் அவன். வாய் வழியாகக் குழாயை இறக்கி, கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார் டாக்டர் தட்சிணாமூர்த்தி. கல் கோலிக்குண்டு அளவு. அது வெளியே வரவேண்டிய ஓட்டையோ பட்டாணி அளவு. வரவில்லை. பித்தம் இறங்குவதற்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் ட்யூபைச் செருகினார்.

“மூணு மாசத்துல திரும்ப வாங்க. ஓட்டையப் பெருசாக்கி, கல்ல உள்ளயே நொறுக்கி எடுத்துடலாம். வராம இருந்தீங்கன்னா ட்யூப் அடைச்சிக்கும். உயிருக்கே ஆபத்து.”

மறுபடியும் அந்தக் குழாயா? தங்கராசு அங்கேயே முடிவு செய்துவிட்டான், செத்தாலும் இந்தப் பக்கம் வருவதில்லை என்று. போனில் மனைவியிடம், “எடுத்துட்டாங்க” என்றான். பிள்ளை பெற்ற வீட்டில் கெட்ட செய்தி எதற்கு என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டான்.

“கல்ல டாக்டரே தூக்கிப் போட்டுட்டாரு” என்றான் இப்போது.

“எப்படிப் போடுவாரு? பக்கிரி அண்ணனுக்குக் கல்ல குடுத்தாங்கல்ல? ஒங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கல? நம்பர் குடுங்க, நான் கேக்குறேன்.”

“இரு, இரு. லாக்கர்ல வச்சிருக்கேன். ஆலையில.”

பக்கிரி கரும்பு ஆலையில் அவனோடு வேலை பார்ப்பவன். அதே சிதம்பரத்தில் கல்லெடுத்தவன். தைல பாட்டிலில் கல்லைப் போட்டுக் கேன்டீனில் குலுக்கிக் காட்டுவான். “மயக்க ஊசியே வேணாம்னுட்டேன் மச்சான். கண்ணத் தொறந்துக்கிட்டே படுத்திருந்தேன்.”

தங்கராசு கெஞ்சியதும் பக்கிரி ஏனோ தயங்கினான். “கல்ல எல்லாம் கடன் குடுப்பாங்களா? சரி, எடுத்துட்டுப் போ. டாக்டர் கீக்டர்கிட்ட காட்டிடாத.”

பாட்டில் வீட்டுக்கு வந்தது. ஹார்லிக்ஸோடு வந்தவர்கள், ரொட்டியோடு வந்தவர்கள் எல்லோரும் பேரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லை ரெண்டு தரம் பார்த்தார்கள். லோகநாயகி மெனக்கெட்டு ஆட்டுக்கறி குழம்பு வைத்தாள். “கல்லுதான் போயிடுச்சே, நல்லா சாப்பிடுங்க.” சாப்பிட்டான். வலி வலது விலாவுக்குள் இரும்பைப் போல் முறுக்கியது. கேஸ் ட்ரபிள் என்று சொல்லிச் சோடா குடித்தான்.

டாக்டர் சொன்ன கெடு வந்தது, போனது. தங்கராசு அசையவில்லை. அப்போதுதான் லோகநாயகி அடுத்த குண்டைப் போட்டாள்.

“நாளைக்கு விருத்தாசலம் போறோம். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருந்தேன், ஒங்க கல்லு மேல. கேஸு ஜெயிச்சிடுச்சில்ல? ராஜினாமா பண்ணணும்.”

தங்கராசுவுக்கு வேர்த்துவிட்டது. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிக் கட்டினால் சாமி விசாரிப்பார். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். இங்கே குற்றவாளி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். கேஸை வாபஸ் வாங்கிவிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

“அவசரம் என்ன, அடுத்த மாசம் போலாமே.”

“சாமி வேலைய முடிச்சிட்டாரு. இன்னும் அவர கோர்ட்லயே நிக்க வைப்பீங்களா?”

போனார்கள். வாபஸ் வாங்கினார்கள். திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வருவதற்குள், எந்த ஊருக்குப் போகிறோம் என்றுகூடத் தெரியாத அளவுக்குத் தங்கராசுவுக்குக் குளிரெடுத்தது. பல் கிட்டியது. கண் மஞ்சளாகிவிட்டது.

“கேஸ வாபஸ் வாங்கிட்டோம்… வாபஸ் வாங்கிட்டோம்…” என்று பினாத்தினான்.

லோகநாயகி போனில் பக்கிரியைப் பிடித்தாள். “அண்ணே, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஒடனே வாங்க. எனக்கு அங்க யாரயும் தெரியாது.”

“சிதம்பரமா? எனக்கு ஷிப்ட்டு இருக்கும்மா.”

“இவரு செத்தா ஷிப்ட்டு வந்து தூக்குமா? வாங்கண்ணே!”

பக்கிரி வந்தான். வெயில் என்று சொல்லித் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தான். வார்டுக்கு உள்ளேயும் எடுக்கவில்லை.

லோகநாயகி, சாமிக்குக் காட்ட எடுத்துப் போயிருந்த பாட்டிலை டாக்டர் முன்னால் வைத்தாள். “கல்லுதான் வெளிய வந்திடுச்சே, அப்புறம் ஏன் டாக்டர் இப்படி?”

தட்சிணாமூர்த்தி பாட்டிலைப் பார்த்தார். பிறகு தங்கராசுவைப் பார்த்தார். “இவருக்கு நான் கல்லே எடுக்கலயேம்மா! ட்யூப் வச்சித்தான் அனுப்பினேன். அது அடைச்சி, சீழ் பிடிச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆள் இல்ல.”

லோகநாயகி பாட்டிலைத் திரும்ப எடுத்து, தங்கராசுவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அதுதான் தங்கராசுவை ரொம்பப் பயமுறுத்தியது.

அன்றே பழைய ட்யூபை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும் மறுபடியும் குழாயை விட்டு, பலூனால் ஓட்டையை விரித்து, கம்பிக் கூடைக்குள் கல்லை நெரித்து நொறுக்கி, தூள் தூளாக வெளியே தள்ளினார் டாக்டர். தங்கராசு மயக்கம் தெளிந்து பார்த்தபோது கட்டிலருகே லோகநாயகி நின்றிருந்தாள். கையில் பாட்டில். பின்னால், அவள் மறுபடியும் வரவழைத்திருந்த பக்கிரி, அதே துண்டோடு.

“யோவ், இந்த பாட்டில்ல இருக்குறது யார் கல்லு?”

“பக்கிரியோடது” என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

“ஒரு குழாய்க்குப் பயந்து என் தாலிய அறுக்கப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு ஆளா? எங்க பக்கிரி அண்ணனப் பாரு! ஊசிகூட வேணாம்னு, கண்ணத் தொறந்துக்கிட்டே எடுத்துட்டு வந்தவரு. அவரு கால் தூசிக்கு வருவியா நீ?”

பக்கிரி துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். எதிரே மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் பிரிசில்லா வழியை மறித்து, துண்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“பக்கிரி அண்ணனா! கல்லெடுக்கப் படுக்க வச்ச டேபிள்லேருந்து எகிறிக் குதிச்சி ஓடுனீங்களே, ரெண்டு வருஷம் கழிச்சி இப்பதான் வர வழி தெரிஞ்சிதா?”